முதற்பாடமும் மதிப்புரையும்: ‘சைபர்பங்க் 2077’ என்னும் கன்சோல் விளையாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

ஒரு நூலைப் பற்றி ஒருவர் கருத்துரைக்குங்கால், அவர் எந்தப் பாடத்தைக் கண்டு உரைத்தார் என்னும் வினா முதற்கண் எழும். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் பணியிற் பழகியவர்க்கு இவ்வினா புதியதன்று. ஒரே நூலுக்குச் சுவடிகள் பல இருப்ப, அவற்றுள் ஒன்றை மட்டும் கண்டு நூல் முழுமைக்கும் தீர்ப்புக் கூறுதல் முறையாகாது என்பதனை அவர் நன்கு அறிவர். அச்சு நூல்களையே பயிலும் மாணவர்க்கோ இவ்வினா பெரும்பாலும் மறந்துபோயிற்று. அச்சிட்ட நூல் எவர் கையில் இருப்பினும் ஒன்றே என்னும் எண்ணம் அவர்தம் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

மறந்த இவ்வினாவை மீண்டும் எழுப்பும் கலைவடிவம் ஒன்று நம் காலத்தில் வளர்ந்துள்ளது. அதுவே வீடியோ விளையாட்டு. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடுதற்கென அமைந்த கருவியைக் கன்சோல் என்பர். அதன்கண் ஆடப்பெறும் பெரிய விளையாட்டுகள் கதை, மாந்தர், உரையாடல், இசை, காட்சி ஆகிய அனைத்தும் அமையப் பெற்றவை. இவை இலக்கியத் திறனாய்வின் எல்லைக்குப் புறம்பானவை என்பாரும் உளர். பல மணி நேரம் ஒருவர் உள்ளத்தைப் பிணித்து, ஒரு கதையினுள் அவரையே தலைமாந்தராக நிறுத்தும் படைப்பினைத் திறனாய்வாளர் புறக்கணித்தல் தகாது என்பது எம் கருத்து. எனினும் அவ்வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. புதிதாக வெளிவரும் கன்சோல் விளையாட்டுகளைப் பற்றி எழும் மதிப்புரைகள் எத்தகைய சான்றுகள், அவற்றை எங்ஙனம் கொள்ளுதல் வேண்டும் என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன. அதற்கு 2020 டிசம்பரில் வெளிவந்த ‘சைபர்பங்க் 2077’ எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

2. விளையாட்டின் வரலாறு

போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சாவில் சிடி புராஜெக்ட் ரெட் என்னும் நிறுவனம் உள்ளது. 2015-இல் அது வெளியிட்ட ‘தி விட்சர் 3’ என்னும் விளையாட்டு உலகெங்கும் பெரும் புகழ் ஈட்டியது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 2012-இல், ‘சைபர்பங்க்’ பற்றிய அறிவிப்பினை அந்நிறுவனம் செய்திருந்தது. இதற்கு மூலமாக அமைந்தது, அமெரிக்கராகிய மைக் பாண்ட்ஸ்மித் 1988-இல் வெளியிட்ட, தாளும் பகடையும் கொண்டு பலர் கூடி ஆடும் விளையாட்டாகும்.

கதை நிகழும் இடம் கலிபோர்னியாவில் அமைந்ததாகப் புனையப்பெற்ற நைட் சிட்டி என்னும் நகரம். பெருநிறுவனங்களே ஆட்சி செலுத்தும் அந்நகரில் வீ என்னும் கூலிவீரர் வாழ்கின்றார். வீ ஆணா பெண்ணா, நகரத் தெருவில் வளர்ந்தவரா, நாடோடிக் கூட்டத்தினரா, பெருநிறுவன ஊழியரா என்பனவற்றை ஆடுவோரே தேர்ந்துகொள்வர். ஒரு களவின் விளைவாக, முன்னரே இறந்துபோன ஜானி சில்வர்ஹேண்ட் என்பானின் நினைவு பதிந்த சில்லு ஒன்று வீயின் தலையுள் அமைந்துவிடுகின்றது. நாள் செல்லச் செல்ல ஜானியின் நினைவு வீயின் நினைவை அழித்து அதன் மேல் தன்னை எழுதிக்கொள்கின்றது. ஜானிக்கு உருவும் குரலும் தந்தவர் கியானு ரீவ்ஸ் என்னும் திரைநடிகர். ஓர் எழுத்தின் மேல் மற்றோர் எழுத்து படிந்து முன்னதை மறைக்கும் இக்கதைப்பொருளை நினைவிற் கொள்க. விளையாட்டிற்கே பின்னர் நேர்ந்ததும் அதனோடு ஒருவகையில் ஒப்புமை உடையது.

வெளியீட்டு நாள் முதலில் 2020 ஏப்ரல் 16 எனக் குறிக்கப்பட்டது. பின்னர் அது செப்டம்பர் 17-க்கும், நவம்பர் 19-க்கும் தள்ளப்பட்டு, முடிவில் டிசம்பர் 10 அன்று விளையாட்டு வெளிவந்தது. கணினியிலும், 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய கன்சோல்களிலும் ஆடுமாறு அது விற்கப்பட்டது. டிசம்பர் 20-க்குள் 1 கோடியே 30 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றன என நிறுவனம் அறிவித்தது.

3. மதிப்புரையாளர் கண்ட பாடம்

வெளியீட்டிற்கு மூன்று நாள் முன்னர், டிசம்பர் 7 அன்று, முதல் மதிப்புரைகள் வெளிவந்தன. அவற்றுட் பெரும்பாலன புகழுரைகள். பல இதழ்களின் மதிப்பெண்களைத் தொகுத்துச் சராசரி காட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் சராசரி 90-ஐ ஒட்டி நின்றது. ஆடும்போது பிழைகள் தோன்றுதலைப் பலரும் சுட்டாமல் இல்லை. ஆயினும் கதையின் விரிவும் நகரின் அழகும் அப்பிழைகளை மறக்கச் செய்யும் என்பதே பெரும்பான்மையோர் துணிபு.

இம்மதிப்புரைகள் எந்தப் பாடத்தின் மேல் எழுந்தன என்று ஆராயின் உண்மை விளங்கும். நிறுவனம் மதிப்புரைக்கென முன்கூட்டி வழங்கியது கணினிப் பாடம் ஒன்றே. கன்சோல் பாடம் வெளியீட்டிற்கு முன் மதிப்புரையாளர் கைக்கு எட்டவில்லை. தாம் ஆடியபோது எடுத்த காட்சிகளை வெளியிடவும் அவர்க்கு இசைவு தரப்படவில்லை. நிறுவனம் தேர்ந்து தந்த காட்சிகளையே அவர் பயன்படுத்த வேண்டியிருந்தது. எனவே கன்சோல் உடையார் படித்த மதிப்புரை, அவர்தம் கருவியில் ஓடாத ஒரு பாடத்தைப் பற்றியதாயிற்று.

டிசம்பர் 10 அன்று கன்சோல்களில் ஆடத் தொடங்கியோர் கண்டது வேறு. காட்சிகள் தடுமாறி நின்றன. சுவரும் முகமும் தெளிவின்றித் தோன்றின. விளையாட்டு இடையிடையே நின்றுபோயிற்று. டிசம்பர் 14 அன்று நிறுவனம் பொது மன்னிப்புக் கோரியது. பழைய கன்சோல்களில் விளையாட்டு எவ்வாறு ஓடும் என்பதை வெளியீட்டிற்கு முன் காட்டாமை தம் பிழை என்று அது ஒப்புக்கொண்டது. சில நாட்களில் சோனி நிறுவனம் தன் பிளேஸ்டேஷன் விற்பனைத் தளத்திலிருந்து விளையாட்டை நீக்கி, அங்கு வாங்கினோர்க்கு முழுப்பணத்தையும் திருப்பித் தர முன்வந்தது. பெருமுதலீட்டில் எழுந்த ஒரு படைப்பு இங்ஙனம் நீக்கப்பட்டது அரிய நிகழ்ச்சியாகும்.

மதிப்புரையாளர் பொய் கூறினர் என யாம் கருதவில்லை. அவர் தாம் கண்டதையே கூறினர். கணினிப் பாடம் பற்றி அவர் கூறியதிற் பெரும்பகுதி இன்றும் நிற்கத்தக்கது. குறை எங்குளதெனின், ஒரு சுவடியைக் கண்டு கூறிய கூற்று நூல் முழுமைக்கும் உரியதாகப் பரவியதில் உளது. ‘கணினியில் மட்டும் ஆடிப் பார்த்தோம், கன்சோல் பாடத்தைக் காணவில்லை’ என்னும் தொடரைச் சிலர் எழுதினர். எழுதியவிடத்தும் அது கட்டுரையின் ஓரத்தே நின்றது. மதிப்பெண்ணோ உச்சியில் நின்றது. நூற்குற்றம் பத்தினுள் முதலாவதாகிய குன்றக் கூறல் மதிப்புரைக்கும் உரியதென்பதற்கு இது தக்க சான்றாகும்.

4. பாட வேறுபாடுகள்

பண்டைக் கன்சோல் விளையாட்டுகள் கார்ட்ரிட்ஜ் எனப்படும் பேழையினுள் அடைக்கப்பட்டு விற்றன. பேழையினுட் புகுந்த பிழை பேழையோடு நிலைத்தது. 1982-இல் அடாரி நிறுவனம் வெளியிட்ட ‘ஈ.டி.’ என்னும் விளையாட்டை ஏறத்தாழ ஐந்து வாரத்தில் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பார் ஆக்கினார். அது தோல்வியுற்றது. விற்காத பேழைகளுட் பல 1983-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமொகோர்டோவில் புதைக்கப்பட்டன. 2014-இல் அகழ்ந்து எடுக்கவும்பட்டன. அகழ்ந்தெடுத்த பேழையுள் இருப்பது 1982-இல் விற்ற அதே பாடமாகும். அன்றைய மதிப்புரையாளர் கூற்றை இன்று நாம் பேழையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் இயலும்.

இணையத் தொடர்பும் சேமிப்பு வட்டும் கன்சோல்களுட் புகுந்தபின் இந்நிலை மாறிற்று. வெளியீட்டிற்குப் பின்னரும் ‘பேட்ச்’ எனப்படும் திருத்தங்களை நிறுவனம் அனுப்பலாம். ஒவ்வொரு திருத்தமும் முன்னைப் பாடத்தின் மேல் எழுதப்படும். சைபர்பங்கின் பாட வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

முதற்பாடத்தில் வீ குற்றம் இழைத்தால் காவலர் வானினின்றும் வீழ்ந்தாற்போல அவர் முதுகின் பின்னே தோன்றினர். வண்டியில் துரத்தி வருதல் இல்லை. 2021 மார்ச்சில் வந்த 1.2 திருத்தத்தில் காவலர் சற்றுத் தொலைவில் தோன்றலாயினர். 2022 பிப்ரவரி 15 அன்று வந்த 1.5 திருத்தத்தோடு பிளேஸ்டேஷன் 5 முதலிய புதுக் கன்சோல்களுக்கென அமைந்த பாடம் வெளிவந்தது. 2023 செப்டம்பர் 21 அன்று வந்த 2.0 திருத்தமோ ஆட்ட இலக்கணத்தையே மாற்றிற்று. காவலர் வண்டிகளில் துரத்தலாயினர். வீயின் திறன் வளர்ச்சி முறை புதிதாக வகுக்கப்பட்டது. முன்னர் உடையினாற் பெற்ற காப்பு, உடலிற் பொருத்தும் கருவிகளினாற் பெறும் காப்பாக மாறியது. அதே மாதம் 26-இல் ‘ஃபேண்டம் லிபர்ட்டி’ என்னும் விரிவுப் பகுதி வெளிவந்து, கதைக்குப் புதியதொரு முடிவினையும் சேர்த்தது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. 2.0 திருத்தமும் விரிவுப் பகுதியும் பழைய கன்சோல்களுக்கு வரவில்லை. எந்தக் கருவியில் பிழை மிகுந்ததோ, எந்தக் கருவியின் உடைமையாளர் ஏமாற்றமுற்றனரோ, அந்தக் கருவியின் பாடம் இடைநிலையிலேயே நின்றுவிட்டது. ஆகவே இன்று ‘சைபர்பங்க் 2077’ என்னும் பெயர் ஒரு பாடத்தைக் குறிப்பதன்று. வட்டில் உறையும் முதற்பாடம், பழைய கன்சோல்களின் இறுதிப் பாடம், புதுக் கன்சோல்களின் திருந்திய பாடம் எனக் குறைந்தது மூன்றனை அது குறிக்கும். 2025 ஜூன் 5 அன்று நின்டெண்டோ சுவிட்ச் 2 என்னும் கருவிக்கு வந்த பதிப்பினையும் சேர்ப்பின் வகை இன்னும் பெருகும்.

5. எண்ணால் அளத்தல்

விளையாட்டு மதிப்புரையில் எண் இடுதல் நெடுநாள் வழக்கம். 1986-இல் தொடங்கிய ஜப்பானிய இதழாகிய ஃபாமிட்சு, நால்வர் மதிப்புரையாளரை அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் 10 என 40-க்கு எண் இடும் முறையைக் கைக்கொண்டது. அவ்விதழில் முதன்முதல் 40-ம் பெற்றது 1998-இல் வந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்’ ஆகும். நால்வர் எண்ணும் தனித்தனியே அச்சிடப்படுதலின், கருத்து வேறுபாடு அம்முறையில் மறைவதில்லை. 2001-இல் தோன்றிய மெட்டாக்ரிட்டிக் பல இதழ்களின் எண்ணையும் ஒன்றாகக் குறுக்கியது. குறுக்கப்பட்ட எண்ணுக்கு நாளும் இல்லை, பாடமும் இல்லை.

இவ்வெண்ணின் ஆற்றல் சிறிதன்று. 2010-இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ விளையாட்டை ஆக்கிய அப்சிடியன் நிறுவனத்திற்கு, மெட்டாக்ரிட்டிக்கில் 85 பெற்றால் ஊக்கத்தொகை உண்டு என்பது ஒப்பந்தம். பெற்றது 84. தொகை கிட்டாமையை 2012-இல் அந்நிறுவனத்தைச் சார்ந்த கிறிஸ் அவெலோன் வெளிப்படுத்தினார். வெளியீட்டு நாளில் அவ்விளையாட்டும் பிழை மலிந்திருந்தது. மதிப்புரையாளர் அதனைக் கண்டித்தனர். பின்னர்த் திருத்தங்கள் வந்தன. இன்று அது தன் வகையிற் சிறந்தவற்றுள் ஒன்றாகப் பலராற் போற்றப்படுகின்றது. எண்ணோ மாறவில்லை. பிழையைக் கண்டித்தல் மதிப்புரையாளரின் கடமை. ஆயின் நாளும் பாடமும் குறியாத எண் ஒன்றின் மேல் தொழிலாளர் ஊதியத்தை நிறுத்துதல் அறமாகாது.

ஆடாமலே தீர்ப்புக் கூறுதல் மற்றொரு குற்றம். 2020 ஜூன் 19 அன்று ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 2’ வெளிவந்த சில மணி நேரத்துள், பொதுமக்கள் எண்ணிடும் பகுதியில் மிகக் குறைந்த எண்கள் வந்து குவிந்தன. அவ்விளையாட்டை முடிப்பதற்கு இருபது மணி நேரத்திற்கு மேலாகும். அவ்வெண்கள் விளையாட்டைக் கண்டு எழுந்தவை அல்ல என்பது வெளிப்படை. அடுத்த மாதமே, வெளியீட்டிற்குப் பின் 36 மணி நேரம் கழிந்த பின்னரே பொதுமக்கள் எண்ணிடலாம் என்று மெட்டாக்ரிட்டிக் விதி செய்தது. காத்திருக்கும் காலத்தை விதியாற் பெறலாம். கண்டு கூறும் கடப்பாட்டைக் கூறுவாரே கொள்ளுதல் வேண்டும்.

6. இரு தரப்பார் கூற்று

2023 டிசம்பரில் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில், தொடர்ந்து வளரும் விளையாட்டுகளுட் சிறந்தது என்னும் பரிசு சைபர்பங்கிற்குக் கிடைத்தது. இதனையொட்டி இரு தரப்பார் தோன்றினர்.

ஒரு தரப்பார், ‘முதல் மதிப்புரையாளரின் புகழுரையே மெய்யாயிற்று, 2020-இன் கூக்குரல் மிகை’ என்பர். இக்கூற்று பொருந்தாது. 2023-இல் திருந்திய பாடம் 2020-இல் விற்கப்படவில்லை. அன்று பணம் கொடுத்தவர் பெற்றது அன்றைய பாடமே. திருந்திய பின்னர்க் காணும் நலத்தை முன்னைப் பாடத்தின் மேல் ஏற்றிக் கூறுதல் காலமுரண் என்னும் குற்றமாகும்.

மற்றொரு தரப்பார், ‘முதலில் வழுவியது வழுவியதே, பின்னைத் திருத்தத்தைக் கணக்கிற் கொள்ளல் ஆகாது’ என்பர். இதுவும் முழுதும் பொருந்தாது. மூன்றாண்டு உழைத்துப் பாடத்தைச் செப்பஞ் செய்தோர் உழைப்பு மெய்யான உழைப்பு. இன்று புதுக் கன்சோலில் முதன்முறையாக ஆடுவோர் காண்பது செப்பமான பாடமே. அவரிடம் 2020-இன் தீர்ப்பினை மட்டும் காட்டுதல் அவரையும் ஏமாற்றுதலாகும்.

இரு தரப்பாரும் படைப்பினை ஒன்றெனக் கொண்டதே முரணுக்குக் காரணம். பாடம் வேறு எனக் கொள்ளின் முரண் தீரும். 2020-இன் கண்டனம் அன்றைய கன்சோல் பாடத்திற்கு மெய். 2023-இன் பாராட்டு இன்றைய பாடத்திற்கு மெய். ஒன்று மற்றதனை அழிப்பதில்லை. இவ்வுண்மையை விற்பனையாளரே ஒருகால் உணர்ந்து நடந்தமை வியப்பிற்குரியது. 2021 ஜூன் 21 அன்று சோனி விளையாட்டைத் தன் தளத்தில் மீண்டும் சேர்த்தபோது, பிளேஸ்டேஷன் 4-இல் ஆடுவோர்க்கு இன்னும் குறைகள் தோன்றலாம், பிளேஸ்டேஷன் 4 புரோ அல்லது பிளேஸ்டேஷன் 5 ஏற்றது என்று அறிவித்தே சேர்த்தது. கருவியைச் சுட்டிய அவ்வொரு தொடர், முன்னர் வந்த மதிப்பெண்கள் பலவற்றினும் பயனுடைய மதிப்புரையாயிற்று.

7. மதிப்புரை சான்றாதல்

இனி, எம் கருத்திற் சிறந்ததாகத் தோன்றும் ஒன்றைக் கூறுவோம். கன்சோலில் ஒரு திருத்தம் சேர்ந்தபின் ஆடுவோர் முன்னைப் பாடத்திற்கு மீளுதல் பெரும்பாலும் இயலாது. வட்டாக வாங்கியவர் இணையத்தோடு சேர்க்காமல் ஆடின் பழம்பாடத்தை ஓரளவு காணலாம். விற்பனைத் தளத்தில் இறக்கியவர்க்கு அதுவும் இல்லை. 1.0-க்கும் 2.0-க்கும் இடையில் வந்த பாடங்களுட் பலவற்றைப் பொதுவாக ஆடுவோர் இன்று காணுதல் அரிது. ஜானியின் நினைவு வீயின் நினைவை மறைத்தாற்போல, பின்னைப் பாடம் முன்னைப் பாடத்தை மறைத்துவிட்டது.

அங்ஙனம் மறைந்த பாடத்திற்குச் சான்று யாது? அன்று கண்டோர் எழுதிய மதிப்புரையே சான்று. வளையாபதி முழுமையும் நமக்குக் கிடைத்திலது. உரையாசிரியர் மேற்கோளாகக் காட்டியனவும் தொகை நூலார் திரட்டியனவுமே அதன் எச்சங்கள். அவ்வுரையாசிரியர் ‘நூல் நன்று’ என்றோ, ‘பத்துக்கு ஒன்பது’ என்றோ எழுதியிருப்பின் அக்காப்பியத்தின் ஓரடியும் நம் கையை எட்டியிராது. எட்டியது அவர் பாடலை எடுத்துக்காட்டியமையால். காவலர் முதுகின்பின் தோன்றினர், உடை காப்பாயிற்று, இந்நாளில் இக்கருவியில் இவ்விடத்தே ஆட்டம் நின்றது என எடுத்துக்காட்டி எழுதிய மதிப்புரை எதிர்கால ஆய்வாளர்க்கு மூலச்சான்று. ‘மிக அருமை’ என்றோ ‘வீண்’ என்றோ மட்டும் எழுதியது விளம்பரமாகவோ வசையாகவோ முடிந்து, நாட்சென்றால் பயனற்றுப் போம்.

வாங்கலாமா, வேண்டாமா என்பதனையே படிப்போர் விரும்புவர். இத்துணை நுட்பம் அவர்க்கு எதற்கு எனின், கூறுதும். சைபர்பங்கை நம்பி வாங்கிய பழைய கன்சோல் உடையார் விரும்பியதும் அவ்விடையே. அவர்க்கு விடை கிடைத்தது. அவர்தம் கருவிக்கு உரிய விடை கிடைத்திலது. ஆகலின் இந்நுட்பம் ஆய்வாளர்க்கு மட்டும் உரியதன்று. கைப்பொருள் கொடுத்து வாங்குவோர்க்கு முதற்கண் உரியது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், புதிய கன்சோல் விளையாட்டின் மதிப்புரை நான்கனைத் தன்பால் கொண்டிருத்தல் வேண்டும் என்பது பெறப்படும். ஒன்று, ஆடிய கருவி. இரண்டு, பாடத்தின் எண்ணும் ஆடிய நாளும். மூன்று, எத்துணைப் பகுதி ஆடப்பட்டது என்பது. நான்கு, நிறுவனம் காட்ட மறுத்தது யாது என்பது. இந்நான்காவதே பெரும்பாலும் விடுபடுவது. காட்டாமல் விட்டதைச் சுட்டுதலும் கண்டதைக் கூறுதலோடு ஒத்த கடமையாகும். கன்சோல் பாடம் தரப்படவில்லை என்பதனை அனைவரும் தலைப்பிலேயே எழுதியிருப்பின், 2020 டிசம்பரில் வாங்கியோருட் பலர் பொறுத்திருந்து வாங்கியிருப்பர்.

பின்னைப் பாடம் வந்தக்கால் முன்னை மதிப்புரையை அழித்தலும் ஆகாது, அதனையே நிறுத்தி அமைதலும் ஆகாது. நாளிட்டு அதனைக் காத்து, புதிய பாடத்திற்குப் புதிய மதிப்புரையை அதனருகே வைத்தல் வேண்டும். சுவடி பல கண்டு பாடவேறுபாடுகளை அடியிற் குறித்துப் பதிப்பித்த நம் முன்னோர் கைக்கொண்ட நெறி இதுவே. அந்நெறியிற் பயின்ற மாணவர் இப்புதுத்துறைக்கு வருவராயின், ஆண்டுக்கு ஆண்டு அழிந்தொழியும் பாடங்களுட் சிலவேனும் எழுத்தில் எஞ்சும். இத்துறையில் இன்னும் ஆராய வேண்டுவன பல. அவற்றை அறிஞர் ஆராய்ந்து, ஈண்டுக் குறையுளதேல் திருத்திக் கொள்வாராக.